எலும்பில்லாத விருந்து

மூன்றாம் அத்தியாயம்

லிந்துலையைத் தாண்டியதும் நஸாரின் ஆஸ்டின் கார் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஏற்றத்தில் அது எப்போதும் அப்படித்தான். பாதி வழியில் நிற்கும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு பின்பக்கமாகவே வீட்டுக்குப் போய்விடப் பார்க்கும். அப்போது பின்சீட்டில் இருப்பவர் யாராயிருந்தாலும் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். அன்றைக்குப் பின்சீட்டில் இருந்தவர் சோலைமலை. மூன்று தரம் கல் வைத்தாயிற்று. மூன்று தரமும் அழுதுகொண்டே வைத்தார்.

"அழாதீங்கண்ணே," என்றான் நஸார். "கல்லு ஈரமாயி வழுக்கிருச்சின்னா நாம மூணு பேரும் தலவாக்கலையிலதான் போயி நிப்போம்."

முன்சீட்டில் இருந்தவர் முத்துலிங்கம். மப்ளரைக் காதுக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு, தேயிலை மலையையே பார்த்தபடி இருந்தார். தலவாக்கலை பஜாரில் ஒரு மேசை, ஒரு பேனா, ஒரு மை போத்தல் வைத்துக்கொண்டு தோட்டத்துச் சனங்களுக்குப் பெட்டிஷன் எழுதிக் கொடுக்கிறவர் அவர். ஆனால் கோழி காணாமல் போனாலும் சரி, கொழுந்தியாள் காணாமல் போனாலும் சரி, போலீசுக்குப் போகிறதற்கு முன்னால் ஆட்கள் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். எழுதுகிறதைவிடக் கேட்கிறது அதிகம்; கேட்கிறதைவிடப் பார்க்கிறது அதிகம். அவரை ஏற்றி இறக்குவதும், அவர் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துத் தானே பேசுவதும் நஸாரின் வேலை.

அன்று காலை சோலைமலை மேசை முன்னால் வந்து நின்றபோது கேட்டது ஒரேயொரு பெட்டிஷன்தான்.

"மன்னிச்சிருங்க தொரைன்னு ஒண்ணு எழுதித் தாங்க ரைட்டரய்யா."

"என்னா தப்பு செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலிங்க."

"அப்ப எதுக்கு மன்னிப்பு?"

"தொரை கோவமா இருக்காருங்க."

விஷயம் இதுதான். கருங்குளத்துத் தோட்டத்தில் ஒரு குளம் உண்டு. அதில் ட்ரவுட் என்று துரைமார் சொல்லும் புள்ளி மீனை விட்டு வளர்க்கிறார்கள். தூண்டில் போட்டுப் பிடிக்கிற உரிமை துரைக்கும் துரையின் விருந்தாளிகளுக்கும் மட்டும். சோலைமலை பதினோரு வருஷமாக அந்தக் குளத்துக்குக் காவல். இந்த வாரம் துரை மூன்று சாயந்தரம் உட்கார்ந்து பார்த்தார். ஒரு மீன் தலைகாட்டவில்லை. மீன் எல்லாவற்றையும் நீ பிடித்து விற்றுவிட்டாய் என்று சோலைமலையைப் பிடித்துக்கொண்டார். நாளைக்குச் சனிக்கிழமை, கொழும்பிலிருந்து பெரிய துரை தூண்டிலோடு வருகிறார். அவருக்கும் மீன் கிடைக்காவிட்டால் சோலைமலைக்கு வேலையை விட்டு நிறுத்துகிற பத்துச்சீட்டு. அந்தச் சீட்டு கைக்கு வந்தால் வேலையோடு போகாது. லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கிற காம்பராவும் போய்விடும். ஆறு பேர் பானை சட்டியோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

முத்துலிங்கம் பேனாவை மூடி வைத்தார்.

"செய்யாத தப்புக்கு மன்னிப்பு எழுதுறதில்ல. நஸாரு, காரை எடு."

"ஒரு வார்த்தைங்க," என்று சோலைமலை கையைப் பிசைந்தார். "எம் மக பூரணியும் மாப்புளயும் மறுவீட்டுக்கு வந்திருக்குதுக. கொளத்தங்கரை மீன் பங்களாவுலதான் தங்கியிருக்குதுக. இந்தச் சங்கதி அதுக காதுக்குப் போவக் கூடாது. வந்த இடத்துல சந்தோசமா இருந்துட்டுப் போவட்டும்."

கார் நான்காவது தரம் நின்றது. சோலைமலை கல்லோடு இறங்கினார்.

கருங்குளத்தில் பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. தை மாதத்து வெயில் பதினொரு மணிக்கு மேல்தான் அந்தப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்க்கும். தண்ணீர் அசையாமல் கிடந்தது. கரையோரம் மீன் பங்களா. பேருக்குத்தான் பங்களா, பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரு புகைக்கூண்டு, பின்னால் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு ஒரு பலகை மேடை. பத்தடிக் காம்பராவில் ஆறு பேர் படுக்கிற இடத்தில் புது மாப்பிள்ளையை எங்கே படுக்க வைப்பது என்று சோலைமலை தலையைச் சொறிந்து நின்றபோது, துரை நல்ல மூடில் இருந்ததால், "ரெண்டு வாரம் அங்க தங்கட்டும்" என்று கொடுத்தது அது. அந்த மூடு இப்போது இல்லை.

"வலை போட்ட அடையாளம்?" என்று கேட்டார் முத்துலிங்கம்.

"இல்லிங்க."

"நீர்நாய்?"

"பதினோரு வருசத்துல ஒண்ணு பாத்தேன். அதுவும் என்னையப் பாத்துட்டு ஓடிருச்சி."

"வேத்தாள்?"

"சுத்திவர முள்ளுக்கம்பி. லயத்துப் பாதை பங்களாவோட நின்னுரும். அந்தா, மதகுப் பக்கம் ஒரு கேட்டு. அதுக்குப் பூட்டு. சாவி என் இடுப்புல."

நஸார் முத்துலிங்கத்தின் காதோரம் குனிந்தான். "ரைட்டரய்யா, எனக்கு ஆள் தெரிஞ்சிருச்சி. மாப்பிள்ளைதான். வந்தாரு, மீன் போச்சி. வட்டகொடையில தேயிலை அரைக்கிற ஸ்டோர்ல வேலையாம். வட்டகொடையில ரயில் நிக்கும். ரயில்ல ஏத்தினா மீன் பொழுது சாயுறதுக்குள்ள கொழும்பு ஹோட்டல்ல பொரிஞ்சிரும்."

"காக்கா எங்க உக்காந்திருக்கு பாத்தியா?"

நஸார் பார்த்தான். பங்களாவின் பின்கூரையில் ஏழு காகம். மதகுக் கட்டையில் நாலு.

"லயத்துல இருபத்துநாலு அடுப்பு எரியுது," என்றார் முத்துலிங்கம். "அத விட்டுட்டு ஒரு பருக்கை கிடைக்காத இந்தக் கொளத்தங்கரையில அதுகளுக்கு என்னா வேலை?"

"பொண்ணு மாப்பிள்ளை பாக்க வந்திருக்கும்."

"மதகுல எந்தப் பொண்ணு இருக்கு?"

 மாட்டிக்கொண்டால் நஸார் ஹாரன் அடிப்பது வழக்கம். கார் தூரத்தில் நின்றதால் இருமிக்கொண்டான்.

மேட்டிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஒரு பெண் இறங்கி வந்தாள். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் ஐந்தடுக்குக் கேரியர், ஒரு கையில் தூக்குச்சட்டி. கொழுந்துக்கூடை சுமந்து பழகிய கழுத்து. ஒரு சொட்டுக் குழம்பு சிந்தவில்லை. அடுத்த லயத்து வீரம்மா. பூரணிக்கு அத்தை முறை.

"யாரு, ரைட்டரய்யாவா! நஸார் நானாவும் வந்திருக்கீகளா! யாரு மேல பெட்டிசன்?"

"பெட்டிசன் ஒண்ணுமில்ல வீரம்மா. புது ஜோடியப் பாத்து ரெண்டு வார்த்தை வாழ்த்திட்டுப் போகலாம்னு."

"நல்ல நேரம் பாத்து வந்தீக. இன்னைக்கு எம் மொறை." கேரியரை இறக்கிப் பலகை மேடையின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "ரெண்டு லயம், இருவத்துநாலு வீடு. வேளைக்கு ஒரு வீடுன்னு மொறை வச்சோம். எட்டு நாளுல ஒரு சுத்து முடிஞ்சிருச்சி. முடிஞ்சிருச்சேன்னு விட்டுற முடியுமா? இன்னும் பத்து நாள் கூட ஆவலியே, அதுக்குள்ள புள்ளைக அடுப்பு மூட்டவா? அதான் ரெண்டாஞ் சுத்த நானே ஆரம்பிச்சி வச்சேன். நேத்து ராத்திரி மொறைக்காரிக்குக் காய்ச்சல், அதையும் நாந்தான் ஆக்குனேன்."

"கோழியா?"

"ரெண்டு கோழி. மொத நாளு ஒண்ணுதான் வச்சேன். பூரணி புள்ள, போதும் அத்தேன்னுச்சி. வெக்கப்படுது! மறுநாளு மீனம்மா ரெண்டாக்கிட்டா. அதுக்கு அடுத்தவ முட்டையும் சேத்தா. அப்புறம் என்னா, ஆளாளுக்கு ஏறிக்கிட்டே போவுது." வீரம்மாவின் முகம் மலர்ந்தது. "ஆனா சும்மா சொல்லக் கூடாதுங்க, மாப்புள சாப்புடுற சாப்பாடு இருக்கே! பாத்தா ஈர்க்குச்சி மாரி இருக்காரு. எலும்பு கூட மிச்சம் வக்கிறதில்ல சாமி. கழுவிக் கவுத்துன மாரி வருது கேரியரு. நானா, ஒங்களுக்குக் கோழி ஆவாது, எனக்குத் தெரியும். ஓதி அறுத்ததில்ல. இந்தாங்க வடை."

தூக்குச்சட்டியிலிருந்து நாலு வடை நஸாரின் கைக்கு வந்தது. எடுத்துக் கொடுத்த கை கேரியரில் பட்டு, மேல்மூடி சரிந்து டணார் என்று பலகையில் விழுந்தது. வீரம்மா எடுத்து மாட்டினாள்.

முத்துலிங்கம் தண்ணீரைப் பார்த்தார். அசையாமல் கிடந்த குளத்தில், மேடைக்கு நேர் கீழே, தண்ணீர் ஒரு தரம் சிலிர்த்து அடங்கியது.

"காத்து," என்றான் நஸார், வாய் நிறைய வடையோடு.

"காத்து அடிச்சா ஒன் தொப்பி ஏன் அசையல?" என்று மட்டும் கேட்டார் முத்துலிங்கம்.

வீரம்மா கேரியரை உள்ளேயிருந்து வந்த பூரணியின் கையில் கொடுத்து, காலைக் கேரியரை வாங்கிக்கொண்டு, "சூடு ஆறுறதுக்குள்ள சாப்புடுங்க. ஒரு மணி நேரத்துல வாரேன்," என்று சொல்லிவிட்டு மேடேறினாள். அவள் தலை மறைந்ததும் பூரணி விட்ட பெருமூச்சு நஸாரின் காருடையதைவிட நீளமாக இருந்தது.

உள்ளே போனார்கள். மாப்பிள்ளை அழகன் எழுந்து நின்று கும்பிட்டான். வெட்கப்படுகிற முகம், நல்ல பையன், கொக்குக் கால். முத்துலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்து தோட்டத்து மழை, ஸ்டோர் வேலை, வட்டகொடைப் பனி என்று நாலு பேச்சுப் பேசினார். கண் மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கணப்பு அடுப்பில் வெறும் விறகுச் சாம்பல். குப்பைக் கூடையில் ஒரு தீக்குச்சி. வாசலில் நாய் இல்லை. குளத்துப் பக்கம் நாய் வரக் கூடாது என்பது துரையின் உத்தரவு.

திடீரென்று, "தம்பி, பெல்ட்டுல எத்தனை ஓட்டை?" என்று கேட்டார்.

அழகன் வயிற்றைப் பொத்திக்கொண்டான். பெல்ட்டில் கடைக்காரன் போட்ட ஓட்டை ஐந்து. அதற்கும் அப்பால் ஆணியால் குத்தின புது ஓட்டை ஒன்று. பெல்ட் அதில்தான் மாட்டியிருந்தது.

"அது வந்துங்க... புது பெல்ட்டுங்க... இழுத்துக்கிச்சுங்க..."

"பெல்ட்டு இழுத்துக்கிச்சா, வயிறு இழுத்துக்கிச்சா? ஒம்பது நாளு, நாளைக்கு மூணு வேளை விருந்து. பெல்ட்டு விரியணுமே தம்பி. பூரணி, அந்தக் கையக் கொஞ்சம் தூக்கு தாயி." பூரணி கையைத் தூக்கினாள். வளையல் சரசரவென்று முழங்கைக்கு ஓடியது. "கல்யாணத்துக்கு அளவெடுத்துப் போட்ட வளையல்தான?"

 சோலைமலை மகளையும் மருமகனையும் அப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எல்லாரும் பின்பக்கம் வாங்க," என்றார் முத்துலிங்கம். கேரியரின் மேல்மூடியை மட்டும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

பலகை மேடையின் நுனியில் போய்க் குந்தினார். மூடியைப் பலகையில் மூன்று தரம் தட்டினார்.

டணங். டணங். டணங்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு குளத்தின் நடுவில் ஒரு கோடு கிளம்பியது. அதன் பின்னால் ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. பத்து, இருபது, எண்ண முடியவில்லை. எல்லாம் மேடையை நோக்கி வந்தன. வந்தவை முழங்கை நீளம், தொடை கனம். மேடைக்குக் கீழே தண்ணீர் கொதித்தது. ஒவ்வொன்றும் வாயைப் பிளந்துகொண்டு முத்துலிங்கத்தின் முகத்தையே பார்த்தது.

"அல்லாவே!" என்றான் நஸார். "மத்தியானப் பெல்லு அடிச்ச பள்ளிக்கூடம் மாதிரி வருதுங்களே!"

சோலைமலை மேடை நுனிக்கு ஓடினார். "எம் மீனு," என்றார். "அத்தனையும் இருக்குங்க. என்னாங்க இது, கன்னுக்குட்டி மாரி இருக்குதுக!"

"இருக்கும். பசியில்லாத மீனு தொரையோட எறகுத் தூண்டிலக் கடிக்குமா?" முத்துலிங்கம் எழுந்தார். "கோழி சாப்புட்டவன் எலும்பைத் துப்பணும். கறிவேப்பிலைய ஒதுக்கணும். எலும்பு எங்கயும் இல்லன்னா கோழிய மனுசன் சாப்புடல. இந்த வீட்டுல நாய் கிடையாது. அடுப்புல போட்ட அடையாளம் கிடையாது. மிச்சம் இருக்குறது கொளம் ஒண்ணுதான்." அழகனைப் பார்த்தார். "தம்பி, ஒம் மாமனுக்கு நாளைக்குப் பத்துச்சீட்டு வரப்போவுது. மீனக் காணோமின்னு. தெரியுமா?"

சோலைமலை தடுக்கக் கை தூக்கினார், தாமதமாகிவிட்டது. பூரணி வாயைப் பொத்திக்கொண்டாள். அழகன் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டான்.

"நாந்தான் மாமா," என்றான். "மத்தியானச் சாப்பாட்டை நாந்தான் கொட்டுனேன். இவளப் போயிப் படு, நான் சாப்புட்டுக்கிறேன்னு சொல்லிட்டு... எனக்கு ரெண்டு அகப்பைக்கு மேல எறங்காது. திருப்பி அனுப்புனா மூஞ்சி வாடுவாங்க. மொத நாளு போதும்னதுக்கே மறுநாளு ரெண்டு கோழி வந்துச்சி."

"அப்ப நீங்க சாப்புடலியா?" என்று பூரணி அவனைப் பார்த்துத் திரும்பினாள். "அத்தனையும் நீங்க சாப்புட்டீகன்னுல்ல நெனச்சேன்! இம்புட்டுச் சாப்புடுற மனுசனுக்கு வட்டகொடையில எப்படி ஆக்கிப் போடப் போறேனோன்னு எட்டு நாளாத் தூக்கமில்ல எனக்கு!"

"நீ ராத்திரி சாப்பாட்டை வழிச்சித் தின்னியே, நான் மட்டும் பயப்படலியா?"

"நான் எங்க தின்னேன்? நீங்க படுத்ததும் இங்கதான் கொட்டுனேன்!"

நஸார் ஒரு கையால் தன் வாயையும் மறு கையால் தூணையும் பிடித்துக்கொண்டான். சிரித்து விழுந்தால் மீன்களுக்கு நடுவில்தான் விழ வேண்டும்.

பூரணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வீரம்மா அத்தை அடைவச்சிருந்த கோழிய அடிச்சிப் போட்டிருக்காக ரைட்டரய்யா. கூலியா வந்த காசு, தோட்டத்துல அளந்து போட்ட அரிசி எல்லாம் எங்களுக்கே வருது. அத எப்படி வேணாங்கிறது? எங்கப்பாவ இது கொண்டு போயி இங்க நிறுத்தும்னு தெரிஞ்சா வயிறு வெடிச்சாலும் தின்னிருப்பேனே."

"ஆக, மத்தியானம் மாப்புள, ராத்திரி பொண்ணு." முத்துலிங்கம் விரலை மடக்கினார். "காலையில?"

ரெண்டு பேரும் விழித்தார்கள். "காலையில வாறது கொஞ்சந்தானுங்க," என்றான் அழகன். "நாலு இடியப்பம், கொஞ்சம் சம்பலு. அத சாப்புட்டுருவோம். அத வச்சித்தான் உசிரோட இருக்கோம்."

"இருவத்துநாலு வீடும் ஒண்ணுக்கொண்ணு போட்டி போடுது. ரெண்டு கோழிக்கு முட்டை சேக்குற சனம், காலையில மட்டும் நாலே நாலு இடியப்பமா அனுப்பும்? நஸாரு, மதகுல எத்தனை காக்கா?"

"நாலு."

"காலைக் கேரியர லயத்துலேருந்து கொண்டாறது யாரு? மதகுச் சாவி யாரு இடுப்புல?"

நஸார் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். பூரணியும் அழகனும் திரும்பிப் பார்த்தார்கள்.

சோலைமலை மதகையும் பார்க்கவில்லை, மனிதர்களையும் பார்க்கவில்லை. தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாம் நாளே புள்ள மொகம் வாடியிருந்திச்சிங்க," என்றார் தரையிடம். "கேரியரத் தொறந்து பாத்தா நாப்பது இடியப்பம். பாவம், எப்படித் திங்கும்னு... மதகுல நின்னு முப்பத்தாறக் கொட்டிட்டு, திரும்பிப் பாக்காம வந்துருவேன். யாரும் பாத்துறக் கூடாதேன்னு. மீனு வந்திச்சா, போச்சா, எனக்குத் தெரியாதுங்க."

"பதினோரு வருசக் காவலு!" என்றான் நஸார். "கள்ளன் உள்ள வரவே முடியாது. ஏன்னா சாவி கள்ளன்கிட்டயே இருக்கு!"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது பூரணிதான். அப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் சோலைமலை முத்துலிங்கத்தின் கையைப் பிடித்தார். "தொரைகிட்ட இதச் சொல்லிராதீங்க. சொன்னா சேதி லயத்துக்குப் போயிரும். பொம்பளைக ஆசையாச் செஞ்சதக் கொளத்துல கொட்டுனோமின்னு தெரிஞ்சா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க குடியிருப்பேன்? பத்துச்சீட்டே வந்தாலும் வரட்டும்."

"சீட்டும் வராது, சொல்லவும் வேணாம். மீனு பசியோட இருந்தாப் போதும். நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் ஒரு பருக்கை தண்ணிக்குள்ள போவக் கூடாது."

"அப்ப இந்தக் கேரியரு?" என்றாள் பூரணி. "ராத்திரிக் கேரியரு? நாளைக் காலைக் கேரியரு?"

முத்துலிங்கம் ஐந்தடுக்கைப் பார்த்தார். கத்தி வைத்திருந்தவனையும் பார்த்திருக்கிறார், கைத்துப்பாக்கி வைத்திருந்தவனையும் பார்த்திருக்கிறார். அப்போதெல்லாம் வியர்க்காத நெற்றி இப்போது வியர்த்தது. மப்ளரைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"எலையப் போடு தாயி," என்றார்.

அன்று மத்தியானம், அன்று ராத்திரி, மறுநாள் காலை, மறுநாள் மத்தியானம். நாலு வேளை. முத்துலிங்கம் எழுந்து நடக்க ஒரு பக்கம் நஸாரும் இன்னொரு பக்கம் சுவரும் தேவைப்பட்டன. சாட்சிக்கு எலும்பெல்லாம் ஒரு சட்டியில் சேர்ந்திருந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்குக் கொழும்புப் பெரிய துரை வந்தார். செம்பட்டை மீசை, முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. பலகை மேடையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தோட்டத்துத் துரை பின்னால் நின்றார். அவருக்கும் பின்னால் சோலைமலை, கையைக் கட்டிக்கொண்டு. முத்துலிங்கமும் நஸாரும் பங்களாச் சுவரோரம் நின்றார்கள். இறகு கட்டிய தூண்டில் காற்றில் வளைந்து வளைந்து போய்த் தண்ணீரில் விழுந்தது. விழுந்தது, திரும்பி வந்தது. அரை மணி நேரம். முக்கால் மணி நேரம்.

"பசியோடதான இருக்குதுங்க, ஏன் கடிக்கல?" என்று நஸார் கிசுகிசுத்தான்.

"வளத்த வழக்கம்," என்றார் முத்துலிங்கம். அவர் குரல் முதல் தடவையாக இறங்கியிருந்தது. "சத்தம் கேட்டாத்தான் வரும். தொரை பக்கத்துல போயி நான் மூடியத் தட்ட முடியுமா?"

தோட்டத்துத் துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சோலைமலையைப் பார்த்தார். "சோலைமலை, நாளைக் காலை ஆபீஸ் வா," என்றார். சோலைமலையின் தலை குனிந்தது.

பின்கதவு திறந்தது. பூரணி வந்தாள். துரைமார் இருக்கிற இடத்தில் ஒரு பெண் வந்து நிற்பது அங்கே இல்லாத வழக்கம். அவள் யாரையும் பார்க்கவில்லை. படியில் குந்தி, கேரியர் அடுக்கு ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.  தேய்க்கிற சாக்கில் தட்டும் மூடியும் மோதின.

டணங். டணங். டணங்.

"ஏய்! சத்தம் போடாதே!" என்று தோட்டத்துத் துரை திரும்பினார். அவர் திரும்பும்போதே பெரிய துரை கத்தினார். தூண்டில் வில்லாக வளைந்து நின்றது.

ஆறு மீன். ஆறாவதைத் தூக்க ரெண்டு கை போதவில்லை. சோலைமலை ஓடிவந்து பிடித்தார். இவ்வளவு பெரிய ட்ரவுட்டை இந்த நாட்டிலேயே பார்த்ததில்லை என்று பெரிய துரை சோலைமலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மீனை இப்படி வளர்க்கிற ஆளை விட்டுவிடாதே என்று தோட்டத்துத் துரைக்குச் சொன்னார். நாளைக் காலை ஆபீஸ் வரச் சொன்ன துரை, "வேண்டாம், வேலைக்கே போ," என்று மாற்றிக்கொண்டார். போகும்போது ஒரு மீனைப் புது ஜோடிக்கு என்று கொடுத்துவிட்டும் போனார்.

எல்லாம் முடிந்தது என்று நஸார் காருக்குக் கிளம்பினான். அப்போதுதான் வீரம்மா மேட்டிலிருந்து வந்தாள். கையில் கேரியர் இல்லை. ஆனால் மீனைக் கண்டதும், "அடி ஆத்தே, எம்புட்டுப் பெருசு! குடு புள்ள, நான் ஆஞ்சி தாறேன்," என்று அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பூரணி "அத்தே!" என்பதற்குள் மீனின் வயிறு திறந்துவிட்டது.

உள்ளே ஒரு கோழிக் கழுத்து எலும்பு. கூட ஒரு முழுச் சின்ன வெங்காயம், நாலாகக் கீறியது.

வீரம்மா வெங்காயத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ரெண்டு லயத்திலும் வெங்காயத்தை முழுசாக விட்டு நாலாகக் கீறிப் போடுகிறவள் அவள் ஒருத்திதான். மீனைப் பார்த்தாள். குளத்தைப் பார்த்தாள். பூரணியைப் பார்த்தாள்.

"இது... என் கொழம்புல்ல?"

 முத்துலிங்கம் எத்தனையோ பெட்டிஷனில் எத்தனையோ சமாதானம் எழுதியவர். அவருக்கும் ஒரு வரி வரவில்லை. பூரணி வீரம்மாவின் பக்கத்தில் குந்தினாள்.

"ஆமா அத்தே. கொட்டிட்டோம். முடியல அத்தே எங்களுக்கு."

வீரம்மா அந்த வெங்காயத்தை உள்ளங்கையில் உருட்டினாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நஸார் ஓரடி பின்னால் போனான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அத வாயத் தொறந்து சொல்லக் கூடாதாடி? ரெண்டு லயத்துலயும் ஒரு கோழி கிடையாது இப்ப. இன்னைக்கு ராத்திரி மீனம்மா மொறை. காலையிலேருந்து பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கோழி கேட்டு அலஞ்சிட்டு வந்து அழுதுக்கிட்டு உக்காந்திருக்கா. மாப்புள எலும்போட திங்கிறாரே, கொறைச்சி அனுப்புனா நம்ம லயத்துக்குக் கேவலமுல்லன்னு. நானே இப்ப எதுக்கு வந்தேங்கிற? இன்னைக்கு ஒரு வேளை பொறுத்துக்கச் சொல்லி எப்படிக் கேக்குறதுன்னு தெரியாம, மேட்டுல அரை மணி நேரம் நின்னுட்டு வாறேன்."

பூரணி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"மீனம்மா அக்காகிட்டப் போயிச் சொல்லு அத்தே. சோறும் ரசமும் வைக்கச் சொல்லு, அது போதும். கேரியர்ல அனுப்ப வேணாம். நாங்க லயத்துக்கு வாறோம். எல்லாரோடயும் உக்காந்து சாப்புடுறோம். இந்த மீனையும் அங்க வச்சே ஆக்கிருவோம்."

"ரசம் மட்டுமா? மாப்புளைக்கா?" என்று வீரம்மா அழகனைப் பார்த்தாள்.

பத்து நாளில் முதல் தடவையாக அழகனின் முகம் மாப்பிள்ளை முகமாக இருந்தது.

"மொளகு கொஞ்சம் தூக்கலா இருக்கட்டுங்க," என்றான்.